செக்கிங் அம்மாவின் கப்புகள்

ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஆதார் முன்பக்கம் பின்பக்கம், ரேஷன் கார்டு, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ். ஜங்ஷன் ரோட்டில் இருபது வருஷமாகக் கண்ணாடிமேல் தாளை வைத்து மூடி மூடி, ஆள் படியேறும்போதே எத்தனை காப்பி என்று சொல்லிவிடுகிற அளவுக்குத் தேறியிருந்தேன். அவர் முதல் தடவை வந்தபோது மட்டும் சொல்ல முடியவில்லை. கையில் தாளே இல்லை. லாரி செய்கிற ஒரு பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லி, அதனுடைய வருஷ அறிக்கையில் நூற்று முப்பத்தேழாம் பக்கத்திலிருந்து ஆறு பக்கம் பிரின்ட் வேண்டும் என்றார். நூல் சேலை கட்டியிருந்தார், முழங்கையில் வெள்ளை மண் காய்ந்திருந்தது. போனில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார், எழுத்து பொடியாக இருந்ததால் தாளில் தேவைப்பட்டிருக்கிறது. முன்னால் கலர் படம் போட்டு சேர்மன் எழுதியிருப்பாரே, அது வேண்டாமா என்று கேட்டேன்.

“சிரிக்கிற பக்கம்லாம் வாணாம்ணா. பின்னாடி பொடி எழுத்துல இருக்குது பாருங்க, அது போதும்” என்றார்.

செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் அவருக்குச் செக்கிங் வேலை. ஃபியூஸ் கட்டையும் டீ கப்பும் செய்கிற யூனிட். சூளையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு சாமானும் அவர் கைக்கு வர வேண்டும். கைப்பிடி ஒடிந்த ஒரு கரண்டிக் காம்பால் ஒரு தட்டு, காதுக்குப் பக்கத்தில் ஒரு நொடி, வெளிச்சத்தில் ஒரு சுற்று. பிறகு நல்லது இந்தப் பக்கம், குறையோடு மலிவாகப் போகிற செகண்ட்ஸ் அந்தப் பக்கம், உடைக்க வேண்டியது கூடையில். எஸ்டேட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் செக்கிங் அம்மா. என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் நானும் அப்படியேதான் கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணா என்றார்.

தட்டுவது அவர் கையை விட்டுப் போகவே இல்லை. கடைக்கு வந்தால் மேஜைக் கண்ணாடியைத் தட்டுவார், மெஷின் மூடியைத் தட்டுவார், வாங்கிக் கொடுத்த டீயைக் குடிப்பதற்கு முன்னால் கிளாஸைத் தட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். என் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னேன். இடது பக்க மூடியில் ஒரு திருகு லூசாக இருப்பதாகச் சொன்னார். பார்த்தேன், இருந்தது. அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

யூனிட்டில் வேலை செய்கிறவர்கள் செகண்ட்ஸ் குவியலிலிருந்து சல்லிசாக வாங்கிக்கொள்ளலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்வது ஒன்றுதான். குவியலைக் கிளறிக் கிளறி, ஒரு குறையும் இல்லாத கப்பாகத் தேடி எடுத்து, செக்கிங்கில் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். செக்கிங் அம்மா தலையில் அடித்துக்கொள்வார். மெருகில் ஒரு கரும்புள்ளி இருக்கிறதா, எடு. கைப்பிடி கொஞ்சம் கோணலா, எடு. ஒன்றுமே தெரியவில்லையா, வைத்துவிடு. யாரோ தட்டிப் பார்த்துத்தானே அதை அங்கே போட்டிருக்கிறார்கள். வெளியே தெரியாத குறை உள்ளே இருக்கும், கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றுகிற அன்றைக்கு அடி கழன்று மடியில் விழும் என்பார். அவர் வீட்டில் குறை இல்லாத பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொன்றிலும் குறை எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பார். கணவர் லோடு ஆட்டோ ஓட்டினார், நல்ல மனிதர். அவர் எப்படி என்று யாராவது கேட்டால், “குறட்ட வுடுவாரு” என்று முதலில் அதைத்தான் சொல்வார்.

சேமிக்கிற காசில் அவர் கம்பெனிப் பங்குகள் வாங்குவதும் இதே கணக்குத்தான். சின்னக் கம்பெனி, புதுக் கம்பெனி, யாரோ காதில் ஓதிய கம்பெனி எதையும் தொட மாட்டார். ஊர் உலகத்துக்கே பெயர் தெரிந்த பெரிய கம்பெனியாக இருக்க வேண்டும். நல்ல வருஷம் கெட்ட வருஷம் பார்க்காமல் லாபத்தைப் பிரித்து டிவிடெண்ட் கொடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டது விலை விழுந்து குவியலில் கிடக்க வேண்டும். கிடந்தால், “இது ஏன் இங்க கெடக்குது?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பதில் கிடைக்கிற வரைக்கும் என் கடைக்கு நடப்பார்.

இந்தப் புத்தி அவருக்கு எப்படி வந்தது என்று ஒரு தடவை கேட்டேன். கப் சுற்ற யூனிட்டில் பழைய பேப்பரை எடைக்கு வாங்குவார்களாம். அதில் பங்கு விலை போடுகிற பேப்பரும் கலந்து வரும். தேதி வரிசையாகவா வரும், போன மாதத்துப் பேப்பருக்கு அடியில் நாலு வருஷத்துக்கு முந்தியது கிடக்கும். ஒரே பெயர், ஒன்றில் ஒரு விலை, இன்னொன்றில் பாதி விலை. கம்பெனி அதேதான், அது செய்கிற சோப்புதான் அவர் வீட்டுக் குளியலறையிலும் இருந்தது. நானும் அந்தப் பேப்பரை எல்லாம் வாங்கிப் படித்தவன்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பேப்பர், அன்றைய விலை மட்டும். காப்பி எடுக்கிற இடைவெளியில் போனில் பங்கு வாங்கி, அடுத்த ஆள் வருவதற்குள் விற்று, சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்போது என் தினப்படி வேலையாக இருந்தது.

ஒரு நாள் தாள் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அலமாரியில் ஏழெட்டு கப் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஒவ்வொரு கப்பும் ஒரு கம்பெனி. கப்பின் அடியில் மெருகு ஏறாத சொரசொரப்பான வட்டம் ஒன்று இருக்குமே, அதில் பென்சிலால் எழுதியிருந்தார். கம்பெனி பெயர் இல்லை, வாங்கிய விலை இல்லை, குறை மட்டும். ஒன்றில் ‘அண்ணன் தம்பி பேச்சு இல்லை’. ஒன்றில் ‘மழை இல்லை, டிராக்டர் ஓடவில்லை’. இன்னொன்றில் ‘புது வரி’. அந்தக் குறை தீர்ந்து, ஊரே அந்தக் கம்பெனியைக் கொண்டாடி விலை ஏறிவிட்டால் பங்கை விற்பார், எழுத்தை அழித்துவிட்டுக் கப்பைச் சமையலறைக்கு அனுப்பிவிடுவார். அன்றைக்கு எனக்கு டீ வந்த கப்பின் அடியில் அழித்த தடம் இருந்தது. அது என்ன கம்பெனி என்று கேட்டதற்குச் சிரித்தாரே தவிர சொல்லவில்லை.

இந்தக் குணத்தால் அவருக்கு நல்லது மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். பெண்ணுக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அரசாங்க வேலை, சிகரெட்கூடக் கிடையாது, பார்க்க லட்சணம், எதுவும் கேட்கவில்லை. ஜாதகம் என் கடையில்தான் காப்பி எடுத்தார். சந்தோஷமாக இருப்பார் என்று பார்த்தால் முகம் வாடிக் கிடக்கிறது. இரண்டு வாரம் பஸ்ஸு பஸ்ஸாக அலைந்து விசாரித்தார். ஒன்றும் சிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் நன்றாகவே திட்டினேன். கடைசியில் பெண்ணை ஓசூரில் ஒரு பையனுக்குக் கொடுத்தார். சாப்பாடு கால் மணி நேரம் தாமதமானால் வீட்டை இரண்டாக்குவான், சாப்பிட்டதும் பசு மாதிரி ஆகிவிடுவான். அந்த ஸ்ரீமுஷ்ணத்துப் பையனும் வேறு இடத்தில் கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறான். அதையும் ஒரு நாள் அவரிடம் குத்திக் காட்டினேன். நல்லா இருக்கட்டும், எனக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம் என்று முடித்துக்கொண்டார்.

ஒரு தடவை பலமாகவே அடி வாங்கினார். பெரிய கம்பெனி ஒன்று, தொழிற்சாலையில் வேலைநிறுத்தம், விலை விழுந்திருந்தது. வேலைநிறுத்தம் என்றைக்காவது தீரும். கப் அடியில் எழுதி வைத்துவிட்டு, இரண்டு வருஷ சேமிப்பைப் போட்டார். வேலைநிறுத்தம் தீர்ந்தது. விலை அதற்கப்புறமும் விழுந்துகொண்டே போனது, டிவிடெண்டும் நின்றது. கூடப் பிறந்த கம்பெனி ஒன்று வாங்கிய கடனுக்கு இது ஜாமீன் நின்றிருக்கிறது. பொடி எழுத்துப் பக்கத்தில்தான் இருந்தது, அவர் அந்தப் பக்கத்தை என்னிடம் பிரின்ட் கேட்கவே இல்லை. அந்தக் கப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“கைப் பழக்கம்ணா. செக்கிங்ல ஒரு குற கண்டா போதும், கை தானா செகண்ட்ஸ் பக்கம் போயிடும். ரெண்டாவது குற இருக்குதான்னு யாரு பாக்குறாங்க? நானும் ஒண்ணு கண்டதும் தேடுறத வுட்டுட்டன்.”

அதற்குப் பிறகு கப்புகளில் இரண்டாவது வரி வந்தது. முதல் வரியில் குறை. அதை எழுதிவிட்டு, வேறு குறை இருக்கிறதா என்று மறுபடியும் முதலிலிருந்து தேடுவார். கிடைத்தால் வாங்க மாட்டார். மாதக்கணக்கில் தேடியும் கிடைக்காமல் போனால்தான் அடியில் ‘வேறில்லை’ என்று எழுதுவார். அந்த வார்த்தையை எழுதிய பிறகுதான் பணம் போடுவார்.

என் தங்கச்சிக்குக் கருவேப்பிலங்குறிச்சியில் ரோட்டை ஒட்டி நிலம் இருந்தது. வீட்டுக்காரர் இறந்துவிட்டார், ஒரே பெண். அந்த நிலம் விளைந்துதான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், பெண் காலேஜுக்குப் போனாள். ரோட்டை அகலப்படுத்த நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பணம் பேங்கில் வந்து விழுந்தது. வருஷா வருஷம் விளைவதற்கு இனி எதுவும் இல்லை, இருப்பதை எடுத்துச் சாப்பிட்டால் எத்தனை நாளைக்கு வரும். அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று தங்கச்சி என்னிடம் விட்டுவிட்டாள். விதை நெல்லைத் தொடாமல் அவள் சாப்பிடும்படி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று நானும் வெறியாக இருந்தேன். இருக்கிற பெரிய கம்பெனிகளிலேயே அதிகமாக டிவிடெண்ட் கொடுக்கிற ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடன் இல்லை, கேஸ் இல்லை, யாருக்கும் ஜாமீன் இல்லை, விலையோ தரையில் கிடந்தது. செக்கிங் அம்மா வரும்வரை காத்திருந்து, பெருமையாகச் சொன்னேன். குறை என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். ஒரு வாரம் டைம் கேட்டார், கட்டுக் கட்டாகப் பிரின்ட் எடுத்துப் போனார்.

ஒரு வாரம் கழித்து வந்து, “எனக்கும் கெடைக்கல. வாணாம்ணா” என்றார்.

அப்போது நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. கப் தட்டுகிற வேலையைக் கப்போடு வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் குடும்ப விஷயத்தில் தட்ட வேண்டாம் என்றேன். கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த லீவு நாளில் பஸ் ஏறி நேராக என் தங்கச்சி வீட்டுக்கே போயிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் தங்கச்சி போன் பண்ணினாள். பணம் இப்போதைக்குப் பேங்கிலேயே இருக்கட்டும் என்றாள். என்ன சொன்னார் அந்த அம்மா என்று குடைந்து குடைந்து கேட்ட பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“உங்கண்ணன் நல்லவரு, ஆனா அவசரக்காரர்னு சொன்னாங்க. ஒரு வெள்ளாம காலம் பொறுத்துக்கங்கன்னாங்க. அவ்வளவுதாண்ணா.”

சொந்தத் தங்கச்சி முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. எட்டு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் வருவதை நிறுத்தவும் இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு கடை இல்லாமல் இல்லை, ஆனாலும் வாரம் தவறாமல் என் கடைக்கே வந்து, பென் டிரைவை வைத்துவிட்டு ஓரமாக நிற்பார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பேன். வேண்டுமென்றே மற்றவர்களுக்கு முதலில் போட்டுக் கொடுத்த நாளும் உண்டு. என்னை அவர் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும், பார்க்கட்டும் என்று இருந்தேன். புது மெஷின் வாங்க வைத்திருந்த என் பணத்தை மொத்தமாக அந்தக் கம்பெனியில் போட்டேன். அவருக்குக் காட்ட வேண்டும் என்றுதான் போட்டேன், வேறு காரணம் இல்லை.

ஆடி வந்தது. டிவிடெண்ட் கால்வாசிகூட வரவில்லை. விலை தரையில் இருந்ததாக நான் நினைத்திருந்தேன், தரைக்குக் கீழேயும் இடம் இருந்தது. அப்புறம்தான் முதன்முதலாக நானும் பொடி எழுத்துப் பக்கங்களைப் படித்தேன். இந்த வருஷத்து அறிக்கையில் இல்லை, இரண்டு வருஷத்துக்கு முந்தியதில் ஒரே ஒரு வரி. ஏதோ பெரிய நகரத்தின் நடுவில் அவர்களுக்கு ஒரு பழைய மில் இருந்திருக்கிறது. அந்த நிலத்தை விற்று, வந்த பணத்தை இரண்டு வருஷமாக டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தொழிலில் விளைச்சலே இல்லை. நிலத்தை விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கம்பெனியில்தான், நிலம் போன என் தங்கச்சியின் பணத்தைப் போடத் துடித்திருக்கிறேன்.

அந்த வாரம் அவர் வந்தபோது நானே வாயைத் திறந்தேன். குறை தெரிந்துவிட்டது அம்மா என்றேன். நிலம் விற்ற கதையைச் சொன்னேன், என் பணம் போனதையும் சொன்னேன். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வருமென்று காத்திருந்தேன். எந்த வருஷம், எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். தனக்கும் அந்தப் பக்கம் ஒரு காப்பி வேண்டும் என்றார். காசு வேண்டாம் என்றேன், மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனார். மறுநாள் வந்தபோது கைப்பிடி இல்லாத ஒரு கப்பைக் கொண்டுவந்து மேஜை ஓரத்தில் வைத்தார். நான் அதுவரை ஒரு பாட்டில் மூடியில் ஜெம் கிளிப் போட்டு வைத்திருந்தேன், போகிறவர் வருகிறவர் கை பட்டு வாரம் ஒரு தடவை கொட்டும். இதில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். தட்டிப் பார்த்தேன். கிண் என்றது.

பிறகு அவரும் தங்கச்சியும் சேர்ந்து, இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து கம்பெனி வாங்கினார்கள். ஆடியில் பாதி வரும், மாசிக்கு முன்னால் மீதி வரும். பெரிய பணம் இல்லை, நிலம் கொடுத்த அளவுக்கு வருகிறது. தங்கச்சி வீட்டு அலமாரியிலும் ஐந்து கப் கவிழ்ந்து கிடக்கிறது. அவளும் இப்போது எதைப் பார்த்தாலும் தட்டுகிறாள்.

செக்கிங் அம்மா மகளோடு இருக்க ஓசூருக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. போகிற அன்றைக்குக் கடைக்கு வந்து, “போயிட்டு வரேண்ணா, மெஷின் மூடித் திருக முடுக்கிக்குங்க” என்றார். கப்போடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று சொல்லி அனுப்பி வைத்துவிட்டேன்.

போன வாரம் தங்கச்சி கடைக்கு வந்திருந்தாள். அவளுக்கும் இப்போது பொடி எழுத்துப் பக்கம் வேண்டும். தாள்களைச் சேர்த்துப் பிடிக்கப் பெரிய கிளிப்பாகத் தேடினாள், கிடைக்கவில்லை என்று கிளிப் போட்டிருந்த கப்பை அப்படியே மேஜையில் கவிழ்த்துவிட்டாள். கப்பைக் கையில் எடுத்ததும் பழக்கத்தில் அடியைப் பார்த்தாள்.

“அண்ணா, இத நீ ஒரு நாள்கூடத் திருப்பிப் பாக்கலியா?”

வாங்கிப் பார்த்தேன். பென்சில் எழுத்து, கழுவாத கப் என்பதால் அப்படியே இருந்தது. முதல் வரியில் ‘அவசரம்’. அதற்குக் கீழே ‘வேறில்லை’.

நான் முகம் கொடுக்காமல் தாளை நீட்டிய அந்த எட்டு மாதமும் ஓரமாக நின்று அவர் என்னிடம் இரண்டாவதைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். மற்றவர்களுக்கு முதலில் போட்டுக் கொடுத்த நாட்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, தங்கச்சி முன்னால் மறைக்கவும் தோன்றவில்லை. கப்பைத் துடைக்கப் போனவள் எழுத்து அழிந்துவிடும் என்று கையை எடுத்துக்கொண்டாள்.

படியில் ஒருவர் ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு காப்பி. ஓசூர் நம்பரைப் போனில் தேடிக்கொண்டே, கொஞ்சம் பொறுங்க என்று அவரிடம் சொன்னேன். கடை வைத்த நாளிலிருந்து நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.